கேள்வி – பதில்: என் கணக்கை நீ ஏன் பார்க்கிறாய்?

சென்ற இதழில் அமீர் டாக்கி என்கிற லண்டன்காரரைப் பற்றிச் சின்னதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். பிட்காயினின் ஆரம்ப கால நிரலாளர்களில் ஒருவர், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை மறைக்கும் மென்பொருள் செய்தவர், அப்புறம் சிரியாவுக்குப் போய்த் துப்பாக்கி பிடித்தவர். அதற்கு வந்த கடிதங்களில் பாதி "இப்போது பிட்காயின் வாங்கலாமா, விலை ஏறுமா" என்று கேட்கின்றன. அவர்கள் ஜோசியரிடம் போகலாம். மீதிக் கடிதங்களுக்கு இங்கே பதில்.

யார் இந்த அமீர் டாக்கி? நாலு வரியில் லண்டனில் தொடங்கி சிரியாவில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்லக் கூடாதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி*

சொல்கிறேன் ஐயா. 1988இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஈரானியர். நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவர். பிட்காயினைக் கண்டுபிடித்தது சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதிய யாரோ ஒருவர், 2008 அக்டோபர் 31ஆம் தேதி அதன் திட்டத்தை வெளியிட்டார், 2009 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது, இரண்டு வருடத்தில் ஆள் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டார். குடும்பத் தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. மென்பொருளை யார் மாற்றலாம், யாரைக் கேட்டு மாற்றலாம் என்று ஒரு ஒழுங்கு இல்லை. 2011 ஆகஸ்டில் டாக்கி ஓர் ஆவணம் எழுதினார். பிட்காயினில் மாற்றம் வேண்டும் என்பவர் அதை எழுத்தில், எண் போட்டு, எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும், விவாதம் அதன்மேல் நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பைதான் என்ற கணினி மொழிக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்த முறையைப் பார்த்துச் செய்தது. பிஐபி 1 என்று பெயர், பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதற்குப் பிறகு பிட்காயினில் நடந்த பெரிய மாற்றம் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பிஐபி எண் இருக்கும்.

அதோடு நிற்கவில்லை. லிப்பிட்காயின் என்று பிட்காயினுக்கான நிரலையே முதலிலிருந்து தனியாக எழுதினார். எல்லோரும் ஒரே நிரலை ஓட்டினால் அந்த நிரலைக் கையில் வைத்திருக்கும் நாலு பேர்தான் ராஜா என்பது அவர் வாதம். 2014இல் போர்ப்ஸ் பத்திரிகை முப்பது வயதுக்குள் சாதித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் போட்டது. அந்தக் காலத்தில் அவர் குடியிருந்தது லண்டனில் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில், வாடகை கொடுக்காமல். கூட இருந்தவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள், இவர் ஆகவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது என்றுதான் அவர் பேட்டிகளைப் பார்த்தால் தோன்றுகிறது.

பிட்காயின் என்றாலே ரகசியப் பணம் என்கிறார்களே. அதில் போய் இன்னும் என்ன மறைக்க வேண்டும்?
*தேங்காய் வியாபாரி, பேராவூரணி*

உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஆடி, ஆவணியில் உங்கள் பக்கம் மொய் விருந்து நடக்கிறதல்லவா. பந்தலில் வரிசையாக மேஜை, மேஜைக்கு ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் ஏறும். இப்போதெல்லாம் கணினியில் அடித்து ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம். வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும், பெரியவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

அந்த நோட்டை ஒரு பக்கம் விடாமல் நகலெடுத்து உலகத்தில் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, ஆளின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு நீளமான எண்ணைப் போட்டால் அதுதான் பிட்காயின். அடிக்க முடியாது, கிழிக்க முடியாது. 2009இல் போட்ட முதல் வரி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பெயர் இல்லையே, பிறகென்ன என்பீர்கள். அந்த எண் உங்களுடையது என்று ஒரே ஒருமுறை, ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் போதும், நீங்கள் அந்த எண்ணில் இதுவரை கொடுத்தது வாங்கியது எல்லாம் அவர் கண்முன். நம் நாட்டில் பான் அட்டையும் அடையாளச் சான்றும் கொடுக்காமல், பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் எதிலும் முறையாகக் கணக்கு தொடங்க முடியாது, ஆகவே அந்த ஒருமுறை என்பது முதல் நாளே நடந்துவிடுகிறது. இப்படி எண்களை ஆட்களோடு பொருத்திப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் செயினாலிசிஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன, அரசுகள் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள். 2016இல் பிட்பினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 1,20,000 பிட்காயின் திருடு போனது. ஆறு வருடம் கழித்து 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு கணவன் மனைவியைப் பிடித்து அதில் 94,000க்கு மேல் மீட்டார்கள். ரகசியப் பணம் என்றால் இப்படி அகப்படுமா?

டாக்கிக்கு இது 2013லேயே உறுத்தியது. அரசுக்குத் தெரியாமல் பணம் அனுப்பலாம் என்று ஜனங்களை நம்பவைத்துவிட்டு, கடைசியில் உலகத்திலேயே மிகப் பெரிய வேவுக் கணக்கைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது அவர் ஆத்திரம். கோடி வில்சன் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து டார்க் வாலட் என்ற மென்பொருளை அறிவித்தார். இந்த வில்சன்தான் அதே வருடம் முப்பரிமாணப் பொருளை அச்சடிக்கும் இயந்திரத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கி செய்து பரபரப்பாக்கியவர். மக்களிடம் 50,000 டாலர் கேட்டார்கள், அதற்கு மேலேயே கிடைத்தது. 2014 மே 1ஆம் தேதி முதல் சோதனை வடிவம் வந்தது.

அது செய்த வேலை இரண்டு. ஒன்று, முன்பின் தெரியாத பல பேருடைய செலவுகளை ஒரே பதிவாகக் கலந்து நோட்டில் ஏற்றுவது. கிரிகோரி மேக்ஸ்வெல் என்ற இன்னொரு பிட்காயின் நிரலாளர் 2013இல் முன்வைத்த யோசனை அது. உள்ளே இத்தனை பேர் போட்டார்கள், வெளியே இத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரியும், எவருடையது எவருக்குப் போனது என்று தெரியாது. இன்னொன்று, உங்களுக்குப் பணம் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண் தானாகவே உருவாகும், பழைய எண்ணோடு அதை முடிச்சுப் போட வெளியாளால் ஆகாது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டார்க் வாலட் சோதனை வடிவத்தைத் தாண்டவே இல்லை. ஆரம்ப சூரத்தனம் என்று பாட்டி சொல்வாள். அந்தப் பழக்கம் டாக்கியிடம் கொஞ்சம் உண்டு. 2014 ஏப்ரலில் டொராண்டோவில் ஒரு நிரல் போட்டியில் நண்பர்களோடு உட்கார்ந்து, நடுவில் முதலாளி இல்லாத இணையச் சந்தை ஒன்றை அவசர அவசரமாக எழுதி 20,000 டாலர் பரிசு வாங்கினார். அதையும் வேறு ஆட்கள் எடுத்து ஓப்பன்பஜார் என்று பெயர் மாற்றி நடத்தினார்கள், 2021இல் மூடினார்கள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. யோக்கியனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? இந்த மாதிரி ஆட்களை நீங்கள் தூக்கிப் பிடிப்பது சரியில்லை.
*முன்னாள் வங்கி ஊழியர், கும்பகோணம்*

சார், நீங்கள் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்கள், வெளியே நின்று பாருங்கள். ஒரு விவசாயி கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறார். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்து, டோக்கன் வாங்கி, களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மழை வராமல் இருக்க வேண்டிக்கொண்டு காத்துக் கிடந்து, பணம் கணக்கில் விழுந்த அன்று ஏடிஎம்முக்குப் போனால் பழைய கடன் பாக்கிக்குப் பிடித்தது போக மிச்சம்தான் இருக்கிறது. எத்தனை மூட்டை, என்ன ரகம், எந்தத் தேதி, எவ்வளவு பணம், எவ்வளவு கடன் எல்லாம் கணினிக்குத் தெரியும். இதில் அவர் எதை மறைத்தார்? எதையும் மறைக்க வழி இல்லாததுதானே அவர் பிரச்சினை. பிள்ளைக்குப் பீஸ் கட்டிவிட்டு அடுத்த மாதம் கடனைக் கட்டலாம் என்று அவர் மனசில் போட்ட கணக்கை, நடக்கும் முன்னாலேயே வேறு யாரோ கலைத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது. எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தார் என்று ஓட்டுப் போடும் நமக்குத் தெரியக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும்வரை அது ரகசியம்தான். ஆக, ரகசியம் கெட்டது என்று யாரும் நினைக்கவில்லை சார். யாருக்கு ரகசியம், யாருக்குத் திறந்த புத்தகம் என்பதில்தான் தகராறு. என் கட்சி இதுதான்: அதிகாரம் உள்ளவன் கணக்கு திறந்திருக்கட்டும், இல்லாதவன் கணக்கு மூடியிருக்கட்டும். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தீர்ப்பில் 'யோக்கியனுக்கு எதற்கு' என்கிற வாதம் எடுபடவில்லை.

நம் ஊரிலேயே வேறு உதாரணமும் இருக்கிறது. கதிராமங்கலம், நெடுவாசல் என்று 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து ஊர் ஊராக மக்கள் உட்கார்ந்தார்களே. அந்த மாதிரிப் போராட்டத்துக்கு உண்டியல் வரும்போது ஐநூறு ரூபாயை மடித்துப் போட்டுவிட்டு, "ரசீதில் பேர் போடாதீங்க தம்பி, நான் கவர்மென்ட் உத்தியோகம்" என்று சொல்லும் ஆளை நீங்கள் பார்த்ததே இல்லையா? ரூபாய் நோட்டு இருந்ததால் அவரால் கொடுக்க முடிந்தது. அதே ஐநூறை ஜிபேயில் அனுப்பச் சொன்னால் அனுப்புவாரா?

உலக அளவில் இதற்குப் பெரிய உதாரணம், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ். 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எல்லாம் அதற்கு நன்கொடை போகும் வழியை அடைத்துவிட்டன. கோர்ட்டு தீர்ப்பு ஏதும் கிடையாது, அமெரிக்க அரசு முறைத்தது, கம்பெனிகள் கையை எடுத்துக்கொண்டன, அவ்வளவுதான். அப்போது பிட்காயின் ஆட்களுக்குள் பெரிய சண்டை, இந்த வழியை விக்கிலீக்ஸுக்குத் திறந்துவிடலாமா என்று. வேண்டாம், இது இன்னும் குழந்தை, வெளிச்சம் பட்டால் நசுக்கிவிடுவார்கள் என்று கெஞ்சியவர் சதோஷியேதான். திறந்துதான் விட வேண்டும், பிறகு எதற்கு இது என்று நின்ற கோஷ்டியின் ஆள் டாக்கி. 2011 ஜூனில் விக்கிலீக்ஸ் பிட்காயின் வாங்க ஆரம்பித்தது, குழந்தை ஒன்றும் சாகவில்லை.

அதே கருவியைப் பயங்கரவாதி பயன்படுத்தினால் இவர் பொறுப்பேற்பாரா?
*கல்லூரி மாணவி, திருவாரூர்*

நல்ல கேள்வி அம்மா, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டீர்கள். இது கற்பனை இல்லை. 2014இல் ஐ.எஸ். என்ற பயங்கரவாத இயக்கத்தின் ஆதரவாளர் ஒருவர் எழுதிய கட்டுரையில், இயக்கத்துக்குப் பணம் அனுப்ப டார்க் வாலட் உதவும் என்றே எழுதியிருந்தார். பேட்டியில் டாக்கியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, தொழில்நுட்பத்தை இன்னார்தான் பயன்படுத்தலாம் என்று தடுக்க முடியாது என்கிற மாதிரிப் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கதவைத் திறந்து வைத்தவன் வருகிற ஆளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பிணைக்கைதிகளின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் விஷயத்தில் அப்படித் தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வருடமே அவர் போய் நின்றது அதே ஐ.எஸ். படைக்கு எதிர்ப் பக்கத்தில், களத்தில். சிரியாவின் வடக்கே குர்து மக்கள் ரோஜாவா என்று தன்னாட்சிப் பகுதி அமைத்திருப்பதைக் கேள்விப்பட்டு, கணினி வேலையில் உதவலாம் என்று போயிருக்கிறார். போன இடத்தில் ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பயிற்சி ஏதும் இல்லாமல் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றரை மாதம் போல அங்கே இருந்தார். இதனால் அவர் முன்பு சொன்ன பதில் சரியாகிவிடாது. அவர் ஐ.எஸ். ஆதரவாளர் என்று சந்தேகப்பட மட்டும் இனி யாராலும் முடியாது.

ரோஜாவா பற்றி இரண்டு வரி எழுதுங்கள் தோழர். அது உண்மையிலேயே இடதுசாரி இயக்கமா, இல்லை அமெரிக்கா ஊட்டி வளர்த்ததா?
*விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவர், திருத்துறைப்பூண்டி*

இரண்டும் உண்டு தோழர். 1999இலிருந்து துருக்கிச் சிறையில் இருக்கும் அப்துல்லா ஒஜலான்தான் அதன் சிந்தனைக்கு மூலம். அவர் ஒரு காலத்தில் அசல் மார்க்சிய லெனினியர், குர்துகளுக்குத் தனி நாடு கேட்டவர். சிறையில் மரே புக்சின் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் படித்து மாறினார். நாடு வேண்டாம், ஊர்ச் சபை போதும், சபைகள் ஒன்றோடு ஒன்று சேரட்டும், ஒவ்வொரு பொறுப்பிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று வந்தார். 2014 செப்டம்பர் முதல் 2015 ஜனவரி வரை கொபானி நகரை ஐ.எஸ். முற்றுகையிட்டபோது தரையில் நின்று சண்டை போட்டது இவர்கள், மேலிருந்து குண்டு போட்டது அமெரிக்கா. அந்தக் கூட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது. 2019இல் அமெரிக்கப் படை எல்லையிலிருந்து விலகியதும் துருக்கி உள்ளே வந்ததைப் பார்த்தோமே.

டாக்கி போர்முனையிலிருந்து வந்தபின் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கி, ரோஜாவாவின் பொருளாதாரக் குழுவில் வேலை பார்த்தார். உரத் தயாரிப்பு, சூரிய மின்தகடு ஆராய்ச்சி என்று கிடைத்த வேலையெல்லாம். எனக்கு அவர் கதையில் பிடித்த பகுதியே இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் பத்திரிகைகள் மிகக் குறைவாக எழுதின. துப்பாக்கி என்றால் படத்தோடு நாலு பக்கம், உரம் என்றால் அரை வரி.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிட்காயின் மாதிரியான கிரிப்டோ பண உலகில் முக்கால்வாசிப் பேர் வரி வேண்டாம், அரசு வேண்டாம், சந்தையே போதும் என்கிற கூட்டம். வில்சன் அந்தப் பக்கம். டாக்கியும் அரசு வேண்டாம் என்பவர்தான், ஆனால் சந்தை அவருக்குச் சாமி இல்லை, ஊர்ச் சபைதான் சாமி. அங்கேதான் எனக்கு ஒரு நெருடல். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தது கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் காலத்தில் கொடியை நட்டு, சங்கத்தில் பெயரைப் பதிந்து, முகத்தைக் காட்டி நின்றதால். வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்த பிறகும் சங்கம் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மறைந்து பணம் அனுப்புகிற வசதி ஓர் இயக்கத்துக்குக் கை கொடுக்கும், இயக்கத்தைக் கட்டித் தராது. டாக்கிக்கும் இது புரிந்துதான் ரோஜாவாவுக்குப் போனார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிரல் மட்டும் போதும் என்று நம்பியிருந்தால் லண்டனிலேயே உட்கார்ந்திருப்பாரே.

2016இல் ஊர் திரும்பியபோது லண்டன் விமான நிலையத்திலேயே போலீஸ் பிடித்து விசாரித்தது, கையிலிருந்த கணினி, போன் எல்லாம் போனது, பயங்கரவாதச் சட்டத்தில் நீண்ட விசாரணை. தன் நாட்டு விமானங்கள் எந்தப் படையோடு சேர்ந்து ஐ.எஸ்.ஸை அடித்ததோ அந்தப் படையில் இருந்ததற்காக.

மறைக்கும் மென்பொருள் எழுதினால் இப்போது ஜெயிலா?
*மென்பொருள் ஊழியர், தஞ்சாவூர்*

நாட்டைப் பொறுத்தது. பலருடைய பணத்தைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் என்ற மென்பொருள் மீது 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடை போட்டது. வடகொரியத் திருடர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது காரணம், அது உண்மையும்கூட. அதே மாதம் அதை எழுதியவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்செவ் நெதர்லாந்தில் கைதானார், 2024 மே மாதம் 64 மாதத் தண்டனை. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ, யாருக்கும் சொந்தமில்லாத, யாராலும் நிறுத்த முடியாத நிரலைச் சொத்து என்று சொல்லித் தடை போட முடியாது என்று 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது, 2025 மார்ச்சில் தடை நீங்கியது. அப்படியும் அதே மென்பொருளின் இன்னொரு கூட்டாளி ரோமன் ஸ்டார்மை 2025 ஆகஸ்டில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது நியூயார்க் ஜூரி. குழப்பம்தான். வடகொரியாக்காரன் பணம் தங்கள் நிரல் வழியே போவது தெரிந்தும் கமிஷன் வந்தால் சரி என்று இருந்தவரையும், நிரலை எழுதி வெளியிட்டதோடு நின்றவரையும் ஒரே கூண்டில் ஏற்றக் கூடாது என்பது என் எண்ணம்.

டாக்கி இப்போது டார்க்பை என்ற திட்டத்தில் இருக்கிறார். ஒரு விஷயம் உண்மை என்பதை, அந்த விஷயத்தைக் காட்டாமலேயே நிரூபிக்கும் கணிதம் 1980களிலிருந்து இருக்கிறது. என்னிடம் போதுமான பணம் இருக்கிறது, ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிக்கவில்லை என்று நிரூபிக்கலாம், எவ்வளவு என்றோ யார் என்றோ காட்ட வேண்டாம். பின்னால் ஒட்டுப் போடாமல், அடித்தளத்திலேயே அந்தக் கணிதத்தை வைத்துக் கட்டுவதுதான் டார்க்பை.

என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காயின் திட்டத்தில் ஆள் சேர்க்கிறான். தினம் ஒரு சதவீதம் தருவார்களாம். நகையை வைத்துப் போடலாமா?
*இல்லத்தரசி, சீர்காழி*

வேண்டாம் அக்கா. இதற்கும் மேலே எழுதியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காயின் என்கிற பெயரைத் தவிர. ஏற்கெனவே போட்டிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போடுங்கள், இன்றைக்கே. பையனிடம் இதையும் சொல்லுங்கள்: கிரிப்டோவில் நிஜமாகவே லாபம் வந்தால் நம் நாட்டில் 30 சதவீதம் வரி, விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. தினம் ஒரு சதவீதம் தருகிறவன் இதைப் பற்றி ஏன் பேசவே இல்லை என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.

நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. இந்த மாதிரி நிரல் எழுத ஆசை. கோச்சிங் சென்டரில் பிளாக்செயின் கோர்ஸ் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?
*மயிலாடுதுறை*

அந்தக் காசில் ஒரு நல்ல பழைய லேப்டாப் வாங்குங்கள் தம்பி, மீதியை அம்மாவிடம் கொடுங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் எண் கோட்பாடும் இயற்கணிதமும் வரும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவோமே, அதில் குலங்கள், முடிவுறு புலங்கள் இரண்டையும் மட்டும் புரிந்து படியுங்கள். இந்தத் துறையின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது. ரஸ்ட் மொழி கற்றுக்கொள்ளுங்கள், டார்க்பை எழுதப்படுவது அதில்தான், முழு நிரலும் திறந்தே கிடக்கிறது. பிஐபி 1ஐப் படியுங்கள், சின்ன ஆவணம்தான், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கை பழக பிட்காயின் டெஸ்ட்நெட் என்ற சோதனை வலை இருக்கிறது, அதில் காசு சும்மா கிடைக்கும், ஒரு மதிப்பும் கிடையாது. மயிலாடுதுறையில் யாராவது அந்தக் காசையே உங்களிடம் விலைக்கு விற்க வந்தால் ஆளைப் பற்றி எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போட்டுவிடலாம்.